நிழற்படங்கள் உரைக்கும் ஊர் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகள் என்பதை நாம் நன்கறிவோம். ஆயின், வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய நிழற்படத்தையும் ஒரு சான்றாக மதித்துப் படிக்க நாம் இன்னும் பழகவில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம்.

சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி எடுத்த சேலம் மாவட்டப் படங்கள் 1858ஆம் ஆண்டு ஒரு தொகுப்பாக வெளிவந்தன. அதன் தலைப்பில் இடம்பெற்ற ஊர் இராயக்கோட்டை. அவ்வூர் 1965இல் தருமபுரி மாவட்டத்துடன் பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே, ‘சேலம் ஜில்லா’ என்று மட்டும் எழுதிய பழம்படம் இன்றைய நான்கு மாவட்டங்களுள் எதற்கும் உரியதாகலாம். ஊர்ப்பெயரே உறுதியான அடையாளம்.

டிரைப் தாள் நெகட்டிவைக் கையாண்டார். அதில் உருவம் பதிய நெடுநேரம் பிடிக்கும். அசைந்தோர் உருவம் கலங்கிவிடும், அல்லது பதியாமலே போகும். எனவே அக்காலப் படத்தில் தெரு வெறிச்சோடித் தோன்றினால், ஊரில் மக்களே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

படம் எடுத்த இடத்தை அறிய மாறாத பொருளொன்று வேண்டும். நாமக்கல்லில் அதற்கு மலையே துணை. மேற்கே நரசிம்மர் குடைவரையும், கிழக்கே அரங்கநாதர் குடைவரையும், உச்சியில் கோட்டை மதிலும் உள்ளன. மலையின் எப்பக்கம் படத்தில் தெரிகிறது என்று நோக்கினால், கடைவீதி எத்திசையில் இருந்தது என்பது புலப்படும்.

கட்டடம் மறைந்த பின்னரே படத்தின் அருமை தெரிகிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை 1956இல் அளித்தது. இன்று ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்பது அதன் முகப்பு வளைவே. உள்ளிருந்த அரங்குகளை இனிப் படங்களிலேதான் காண இயலும்.

கட்டடத்தையாவது முகப்பைக் கொண்டு அறியலாம். மனிதரை எதைக் கொண்டு அறிவது? நிக்காஹ் நாளில் எடுத்த குழுப்படம், மதரசா மாணவர் வரிசை, தறிமுன் அமர்ந்த நெசவாளர் குடும்பம், சந்தைத் திடலில் கூடிய வணிகர் என எத்தனையோ படங்கள் நம் இல்லங்களில் உள்ளன. அவற்றில் இருப்போரைப் பெயர் சொல்லிக் காட்டவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் மறைந்தால் முகம் எஞ்சும், ஆள் எஞ்சமாட்டார்.

எனவே, மாணவச் செல்வங்களே! விடுமுறையில் பாட்டனார், பாட்டியாரிடம் பழம்படங்களைக் காட்டிக் கேளுங்கள். பெயர், உறவு, ஊர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகிய ஐந்தையும் படத்தின் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். மை ஊறி முகத்தைக் கெடுக்கும். ஆண்டு தெரியாவிடில், மூத்த மகன் பிறந்த ஆண்டு, பெருமழை பெய்த ஆண்டு என்று அவர்கள் கூறுமாறே குறியுங்கள். பெரியோர்களே! கேட்க வரும் இளையோருக்கு அருகமர்ந்து விளக்குங்கள். ஊர் வரலாற்றின் முதல் ஏடு நம் வீட்டுப் பெட்டியிலேயே உள்ளது.