எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

எடை குறைக்க வேண்டும் என்று கோவை ரேஸ்கோர்ஸுக்குப் புதிதாக நடக்க வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி இது. "ஏனுங்கண்ணா, வாட்ச்ல நானூறு எரிச்சதா காட்டுது. அந்த நானூறையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கலாமுங்களா?" சாப்பிடலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பல பேருக்கு எடை இறங்காது. கூடாது என்று சொன்னால் சில பேருக்கு உடம்பு கெட்டுப்போகும். அதனால் நான் அவர்களை உட்காரவைத்துச் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் ஆப் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

உடற்பயிற்சியை ஏற்கெனவே சேர்த்துக் கணக்குப் போடும் முறை ஒன்று. சேர்க்காமல் போட்டு, செய்த அன்று மட்டும் கூட்டிக்கொள்ளும் முறை இன்னொன்று. 35 வயது, 160 செ.மீ. உயரம், 70 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரப்படி, படுத்தே கிடந்தாலும் அவர் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1364 கலோரி செலவாகும். ஆப்பில் 'உட்கார்ந்த வேலை' என்று குறித்தால் அதை 1.2ஆல் பெருக்கி 1637 என்று காட்டும். 'ஓரளவு உடற்பயிற்சி உண்டு' என்று குறித்தால் 1.55ஆல் பெருக்கி 2114 ஆக்கிவிடும். இடையில் இருக்கிற 477 கலோரிதான் அவருடைய நடையும் ஜிம்மும்.

இப்போது எடை குறைய நாளுக்கு 500 கழிக்கிறார் என்று வையுங்கள். பயிற்சி சேர்ந்த 2114 கணக்கில் அவர் 1614 கலோரி சாப்பிடலாம்; பயிற்சி அதற்குள் அடங்கிவிட்டது. அன்று ஜிம்மில் எரித்த 300ஐ மறுபடியும் சேர்த்துக்கொண்டால், கழித்த 500இல் மிஞ்சுவது 200தான். வாங்கிய சம்பளத்தையே இன்னொரு முறை கையெழுத்துப் போட்டு வாங்குவது மாதிரி இது. பயிற்சி சேராத கணக்கிலோ கதை வேறு. 1637இல் 500 போனால் 1137. படுத்துக் கிடப்பதற்கே போதாத அளவு. அந்தச் சாப்பாட்டில் ஜிம்முக்கும் போகிறவர் பயிற்சி நாளில் கொஞ்சம் கூட்டிச் சாப்பிட்டே ஆக வேண்டும். 500க்குப் பதில் 300 மட்டும் கழித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

2. வாட்ச் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே சொல்லின. கலோரியில் எதுவும் தேறவில்லை: இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். ட்ரெட்மில்லில் உங்கள் எடையைப் பதியாமல் ஓடினால் அது யாரோ ஒருவருடைய எடைக்குக் கணக்குச் சொல்லும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் செலவு இன்னும் குறையும். திரையில் எண் குறையாது.

உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கிறது. தான்சானியாவின் ஹாட்சா வேட்டைக்குடி மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். அந்த ஆண்கள் நாளுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆனால் உடல் அளவுக்கு ஈடுசெய்து பார்த்தால், மொத்தச் செலவு மேலை நாட்டு அலுவலகக்காரர்களுடையதைவிடக் கூடுதலாக இல்லை. காலையில் வேர்க்க ஓடிவிட்டு மத்தியானம் முழுக்க சோபாவில் சாய்ந்து கிடப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம்.

3. ஒரு மணி நேர நடைக்கு எதையும் திரும்பச் சாப்பிட வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு எடை இங்கேதான் நின்றுபோகிறது. 70 கிலோ உள்ளவர் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 240 கலோரி செலவாகும். அதில் 70 அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாக வந்தது 170.

நடை முடிந்ததும் நாலைந்து பேராக ஹோட்டலுக்குப் போகிறோம். ஒரு காபி: 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் என்றால் 100க்கு மேல். ஒரு மெதுவடை ஏறக்குறைய 100. நடை முழுவதும் அங்கேயே தீர்ந்துவிட்டது. பொங்கலும் அதன் மேல் ஊற்றிய நெய்யும் இன்னும் இலைக்கே வரவில்லை. ஒரு ஸ்பூன் நெய்யே 45 கலோரி. அந்த நட்பும் பேச்சும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நடையை விடாமல் தொடரவைப்பதே அதுதான். சர்க்கரை இல்லாத காபியோடு எழுந்துவிடுங்கள்; வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் டிபனைச் சாப்பிடுங்கள். 'நடந்தோமே' என்று ஒரு இட்லிகூடக் கூட்ட வேண்டாம். மேலே சொன்ன 1137 மாதிரி அடிமட்டக் கணக்கில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

4. சாப்பிட்டதை எழுதுவதிலும் கை குறைத்தே எழுதும்.

'எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்னவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன சாப்பாட்டுக் கணக்கு உண்மையைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. செய்ததாகச் சொன்ன உடலுழைப்போ 51 சதவீதம் கூடுதல். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தாளிக்கும் எண்ணெய், சட்னியின் தேங்காய், குழந்தை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை இவையெல்லாம் யார் நினைவில் நிற்கும்? எண்ணெயை மட்டுமாவது ஒரு வாரம் ஸ்பூனால் அளந்து ஊற்றிப் பாருங்கள்.

5. நீண்ட ஓட்டத்துக்குச் சாப்பிடத்தான் வேண்டும்.

ஓட்டத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி. 60 கிலோ உள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் 1260. இதை 'எடை குறையட்டும்' என்று விட்டுவிட்டால் அன்று இரவோ மறுநாளோ கட்டுக்கடங்காத பசி வரும். அந்தப் பசியில் கை போவது மிக்சர் டப்பாவுக்குத்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் ஓடும்போதே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ எடுத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் உப்புப் போட்ட மோர், பிறகு முட்டையோ சுண்டலோ சேர்ந்த முழுச் சாப்பாடு. இப்படி எரித்ததில் பாதிக்கு மேல் அன்றே உள்ளே போய்விட வேண்டும்.

6. நடுவில் இருப்பவர்கள் பாதியில் தொடங்குங்கள்.

பயிற்சியைச் சேர்க்காத கணக்கில் இருந்துகொண்டு, ஜிம், நீச்சல், சைக்கிள், முக்கால் மணி நேர ஓட்டம் என்று செய்கிறவர்கள் கருவி காட்டுவதில் பாதியைச் சாப்பிடலாம். 400 காட்டினால் 200. அது ஒரு கிண்ணம் சுண்டலாக இருக்கட்டும். நான்கு வாரம் இதை மாற்றாமல் செய்யுங்கள்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஆனால் ஒரு நாள் எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டின் உப்பும், மாதவிடாய்க்கு முந்திய நீர்க்கோப்பும் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். வாரச் சராசரியை மட்டும் வாரத்தோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் குறித்துவையுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ போல இறங்கினால் எதையும் தொடவேண்டாம். நான்கு வாரமும் அசையவில்லை என்றால் பாதியைக் காலாக்குங்கள். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கி, படியேறவே சலிப்பாக இருந்தால் முக்கால் பங்கு சாப்பிடுங்கள்.

7. எடை தூக்கும் பயிற்சிக்குக் கலோரி எண்ணவே வேண்டாம்.

அதில் எரிவது கொஞ்சம்தான். தசை கரையாமல் காப்பதே அதன் வேலை. அதற்கு மூன்று வேளையும் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் இருந்தால் போதும்.

8. சுகர் உள்ளவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயிற்சியின்போதோ அதற்குப் பிறகோ சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம். கை நடுங்கி, குப்பென்று வேர்த்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். அது மருந்து, 'திரும்பச் சாப்பிட்ட கலோரி' என்று அதை எழுதாதீர்கள். அடிக்கடி இப்படி ஆனால் மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

9. ஓடுகிற தங்கச்சிகளுக்கு.

உங்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 41 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்குப் போன கலோரியைக் கழித்தபின், அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரிக்குக் கீழே மிஞ்சினால் உடம்பு கஷ்டப்படத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லும் அளவு. இவருக்கு அது 1230. இவர் 1400 சாப்பிட்டு, ஓட்டத்தில் 500ஐச் செலவழித்தால் இதயத்துக்கும் எலும்புக்கும் ஹார்மோனுக்கும் மிஞ்சுவது 900தான். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். முடி கொட்டும், எப்போதும் குளிரும், கணுக்காலுக்கு மேலே எலும்பில் மயிரிழை விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதைத் தனி நோய்நிலையாகவே பெயரிட்டு எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும்.

'எடை குறைஞ்சு அழகாயிட்டே' என்று ஊரே பாராட்டுகிற நேரத்தில்தான் இது உள்ளே நடக்கிறது. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அது சரியாகும்வரை எடைக் குறைப்பை நிறுத்திவைத்து, தூரத்தையும் குறைத்து, ஓடிய நாளில் எரித்ததை முழுவதுமாகத் திரும்பச் சாப்பிடுங்கள்.