பர்கூர் மலையின் செம்மறை மாடுகள்

எங்கள் சின்னமனூர் வயல்களில் அறுவடை முடிந்ததும் மாட்டுக் கிடை போடுவார்கள். மலைமாடுகள் இரவெல்லாம் வயலிலேயே படுத்து எருவிட்டுப் போகும். அவற்றுள் உடம்பில் வெள்ளைத் திட்டுகள் விழுந்ததைத் தாத்தா ‘மறை’ என்பார். “மறை மாடே ஓர் இனமாக இருக்கும் ஊர் உண்டு, தெரியுமா?” என்று அவர் ஒருநாள் கேட்டதே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

அந்த ஊர், ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலேயுள்ள பர்கூர் மலை. (கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பர்கூர் வேறு.) அங்குள்ள மாடுகள் செம்பழுப்பு நிறம், அதன்மேல் பாலைத் தெளித்தாற்போல் வெண்திட்டுகள். ஆகவே அவற்றைச் செம்மறை என்கிறார்கள். கரு வளரும்போது நிறம் தரும் உயிரணுக்கள் தோலில் சென்று சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடும். ஒரு மாட்டின் கோலம் இன்னொன்றுக்கு வராது.

மைசூர்ப் பக்கத்து ஹள்ளிகார், அமிர்தமகால் மாடுகளோடு இவற்றை ஒரே குடும்பமாக அறிஞர் சேர்க்கின்றனர். நம் காங்கேயமும் அக்குடும்பமே. வளர்ப்போரும் பெரும்பாலும் கன்னடம் பேசும் லிங்காயத்து மக்கள்தாம். பகலில் காட்டில் மேய்ச்சல், இரவில் பட்டியில் அடைப்பு. கன்று குடித்தது போக மிஞ்சும் பால் ஒன்றிரண்டு லிட்டரே. வருமானம் எருவில்தான், சமவெளி விவசாயிகள் அதை வாங்கிப் போவார்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் பெயர் பெற்றவை. செம்மறை முரட்டுக் குணமுடையது, புது ஆளை அண்டவிடாது. பழகிவிட்டாலோ வேகத்துக்கும் தளராத உழைப்புக்கும் அதற்கு இணை குறைவு. டிராக்டர் வந்தபின் அந்த உழைப்பைக் கேட்பாரில்லை.

இதைப் படித்தபோது அமெரிக்காவின் புள்ளிக் குதிரையாகிய அப்பலூசா நினைவுக்கு வந்தது. நெஸ் பெர்சே பழங்குடியினர் வளர்த்த அக்குதிரைகள், 1877ஆம் ஆண்டுப் போரில் அவர்கள் தோற்றபின் சிதறிப் போயின. 1938இல் சிலர் சங்கம் அமைத்து, பதிவேடு தொடங்கி, மிஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தனர். இனம் பிழைத்தது, ஆனால் அதை உருவாக்கிய மக்களின் கையில் அன்று.

நமது செம்மறைக்கும் அரசுப் பதிவு உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் பர்கூரிலேயே இருக்கிறது. சிக்கல் மேய்ச்சலில்தான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடை செய்தது. பின்னர் அத்தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருங்கியது. எங்கள் மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். பர்கூர்க் காடுகள் 2024இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாயின. மாடு மேய்ந்தால் மானுக்குப் புல் குறையும் என்பது பொய்யன்று. ஆனால் தோழியரே, கொட்டகையில் கட்டிக் காசுத் தீவனம் போட்டு, இரண்டு லிட்டர் பாலுக்காக இம்மாட்டை யார் வளர்ப்பார்?

சென்ற ஆண்டு எங்கள் வயலுக்குக் கிடை வந்தவர் நாற்பது மாடுகள் ஓட்டி வந்தார். முன்பெல்லாம் நூற்றைம்பதுக்குக் குறையாது என்றார் தாத்தா. நான் எண்ணிப் பார்த்தேன். அவற்றுள் மறை மூன்றே.