பொதுப் பதிவுதானே என்கிறாய்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குடியிருப்பில் புதிதாக வாடகைக்கு வந்தவர் மீது பழைய அடிதடி வழக்கு ஒன்று இருக்கிறதாம். யாரோ அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடி எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருக்கிறார்கள். "பொய் இல்லையே அண்ணா, எல்லாரும் பார்க்கட்டும் என்றுதானே அரசே வைத்திருக்கிறது, நாலு பேருக்கு அனுப்பினால் தொந்தரவு கொடுத்ததாகிவிடுமா?" என்று கேட்கிறாய்.

நீ சொல்வது பாதி சரி. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய தன் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை வெளியிட்டால் அந்தரங்கம் மீறப்பட்டதாகப் புகார் சொல்ல முடியாது என்று 1994இல் தீர்ப்பு வந்தது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் அடையாளத்துக்கு மட்டும் அதே தீர்ப்பு விலக்குக் கொடுத்தது. ஆகவே பதிவைப் பார்ப்பதோ அதைப் பற்றிப் பேசுவதோ தன்னளவில் குற்றமாகாது.

ஆனால் குற்றவியல் அவதூறு வழக்கில் "நான் சொன்னது உண்மை" என்பது மட்டும் உன்னைக் காப்பாற்றாது. பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். இ.பி.கோ. 499இல் இருந்த இந்த நிபந்தனை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. தேர்தல் வேட்பாளர் தன் மீதுள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியே ஆக வேண்டும். அதை எடுத்து ஊரெல்லாம் பரப்பு, நல்ல காரியம். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லையே.

எல்லா வகைத் தொந்தரவையும் அடக்கும் ஒரே பிரிவு நம் சட்டத்தில் கிடையாது. என்ன செய்தாய் என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும். "காலி பண்ணு, இல்லாவிட்டால் உன் கேஸை உன் ஆபீசுக்கு அனுப்புவேன்" என்றால் அது மிரட்டல், அதே சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. ஒருவர் பெயரைக் கெடுப்பேன் என்பதும் அதில் அடங்கும். அதையே சொல்லிப் பணம் பறித்தால் 308. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்ன பிறகும் விடாமல் தொடர்புகொண்டால் 78. பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றமென்றால் அடையாளத்தை வெளியிடுவதையே சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கிலும் அப்படித்தான்; பாதிக்கப்பட்ட பிள்ளையின் தகப்பன் பெயரைப் போட்டாலே போதும், பிள்ளை யாரென்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வழக்கு எண் பளிச்சென்று தெரிகிறது, பெயரும் தெரிகிறது. இடையில் வர வேண்டிய 'வழக்கு நிலை' மட்டும் இல்லை. முடிந்த வழக்கென்றால் அது எப்படி முடிந்தது, தண்டனையா விடுதலையா என்று அங்கேதான் இருக்கும். மறதியாக விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கைத் தொடங்கும் எஃப்.ஐ.ஆர். என்பதும் வெறும் புகார்ப் பதிவுதான், தீர்ப்பு அல்ல. அதே பெயரில் வேறொருவரும் இருக்கலாம்.

விடுதலையானவர்களுக்கே இணையத்தில் நிற்கும் பழைய பதிவு ஓயாத தலைவலி. மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. நீதிபதிகளே இன்னும் ஒரு முடிவுக்கு வராத சங்கதி இது. குடியிருப்புக் குழு ஒரே ராத்திரியில் தீர்த்துவிட்டது!

அந்த மனிதரை நினைத்து யாருக்காவது உண்மையிலேயே பயம் இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்கட்டும். மிரட்டினார், அடித்தார் என்றால் காவல் நிலையத்துக்குப் போகட்டும். வழி திறந்திருக்கும்போது அறுபது பேர் பார்க்கும் குழுவில் போட்டு, கீழே சிரிப்புப் பொம்மை வைப்பதன் நோக்கம் எச்சரிப்பது அல்ல, அவரைக் கூனிக்குறுக வைப்பதுதான். நான் அதைத் துன்புறுத்தல் என்றே சொல்வேன், எந்தப் பிரிவில் வந்தாலும் வராவிட்டாலும்.

நீ யாருக்கும் அனுப்பாதே. போட்டவரிடம் தனியாகப் பேசி அழிக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்