மடிக்கணினியில் காப்பி கொட்டினால்

சிரஞ்சீவி முத்துவுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

மடிக்கணினியின் மேல் காப்பி சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தாய். ஏற்கெனவே சாய்ந்துவிட்டதா, இனிமேல்தான் சாயப் போகிறதா என்பதைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டாய்; நானும் அதைக் கிளறப் போவதில்லை.

யந்திரத்துக்குச் சத்துரு ஈரம் மட்டும் அன்று. ஈரமும் மின்சாரமும் ஏககாலத்தில் சந்திப்பதே விபரீதம். சுத்த ஜலம் மின்சாரத்தை மிகச் சொற்பமாகவே கடத்தும்; ஆனால் குழாய் நீரிலும், அதனினும் மிகுதியாகக் காப்பியிலும் மோரிலும் கரைந்திருக்கும் உப்புகள், விலகியே நிற்க வேண்டிய இரண்டு செப்புத் தடங்களுக்கிடையே மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடுகின்றன; அவ்வழியே மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் வரையில் ஒரு தடத்தின் உலோகம் அரித்துக் கரைந்துகொண்டே போய், நாளடைவில் அங்கே பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

ஆகையால், துணி தேடி ஓடுவதற்கு முன் சுவர் சுவிட்சை அணைத்துச் சார்ஜர் வயரைப் பிடுங்கு; பவர் பொத்தானைப் பத்து விநாடியாவது அழுத்திப் பிடித்து யந்திரத்தை அடியோடு நிறுத்து. எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைச் சேமித்துவிட்டு அணைக்கலாமே என்ற சபலத்துக்கு இடம் கொடாதே. பேட்டரி கழற்றக்கூடியதாயின் கழற்றிவிடு. பிறகு திரையை விரியத் திறந்து, விசைப்பலகை கீழ்நோக்கும்படி கூடாரம் போலக் கவிழ்த்து வை. உள்ளே புகுந்த திரவம் வந்த வழியே வடியட்டும். குலுக்கினாயானால் அது மதர்போர்டு வரைக்கும் யாத்திரை போய்விடும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கும்படி அண்டை அயலார் உபதேசிப்பார்கள். மூடிய பெட்டிக்குள் சில்லுகளுக்கு அடியில் தங்கிய ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? அதன் மாவுத்தூள்தான் துவாரங்களில் புகும். ஹேர் டிரையரின் உஷ்ணம் பிளாஸ்டிக்கை நெளியச் செய்யும். கடும் வெயில் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. மின்விசிறிக் காற்றே போதும்.

கொட்டியது வெறும் தண்ணீராயின், இரண்டு நாள் காயவைத்துப் பிறகு சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதில் ஓரளவு நியாயமுண்டு. காப்பியாயின் அதுவும் கூடாது. நீர் ஆவியாகிப் போனாலும் சர்க்கரையும் பாலின் கசடும் அங்கேயே ஒட்டிக்கொண்டு, காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி மறுபடியும் தம் வேலையைத் தொடங்கிவிடும். பெட்டியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷினால் துடைத்தெடுப்பதே பரிகாரம். அது பழுது பார்ப்பவரின் கைவேலை. நீ ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம்.

மேசைக் கணினியென்றால் இவ்வளவு கவலையில்லை. நனைவது பெரும்பாலும் தனியே இருக்கும் கீபோர்டுதான். போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

பாடக்குறிப்புகள் போய்விட்டனவே என்று உடனே துக்கப்படாதே. மதர்போர்டு பாழானாலும், டிஸ்க் தனியே கழலும் மாதிரிகளில் அதை வேறு கணினியில் இணைத்து யாவற்றையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருக்கும் மாதிரிகளில்தான் சங்கடம்.

கடைக்காரரிடம் போகும்போது, என்ன பானம், சர்க்கரை உண்டா, எப்பொழுது கொட்டியது, அதன்பின் எத்தனை முறை சுவிட்சைப் போட்டுப் பார்த்தாய் என்பவற்றை ஒளிக்காமல் சொல். சாதாரண வாரண்டி இத்தகைய விபத்துக்குப் பொதுவாகச் செல்லாது என்பதனால், "தானாகவே நின்றுவிட்டது" என்று சொல்லத் தோன்றும். பல யந்திரங்களுக்குள்ளே, ஈரம் பட்டால் சிவந்துவிடும் சிறு வில்லையை உற்பத்தி செய்பவர்களே ஒட்டியிருக்கிறார்கள்; அவர் மூடியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா