வெப்சைட் யார் பெயரில்?

வரதய்யபாளையம் ஆந்திராவில் உள்ள ஊர். மண்டலத்தின் தலைமை ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். அதனால் கடைத்தெருவில் தெலுங்கும் கேட்கும், தமிழும் கேட்கும். ஸ்ரீசிட்டி என்னும் பெரிய தொழில் நகரம் வரதய்யபாளையம், சத்தியவேடு ஆகிய இரண்டு மண்டலங்களிலும் பரவிக் கிடக்கிறது. பல நாட்டுக் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. பெரிய கம்பெனிகள் எல்லாம் வெப்சைட் வைத்திருக்கின்றன.

வெப்சைட் என்றால் என்ன? தமிழில் இணையதளம் என்பார்கள். போனில் அதன் பெயரைத் தட்டினால் கடையின் விவரம் வரும். என்ன பொருள், என்ன விலை, எந்த நம்பரில் பேசுவது, எல்லாம் அதில் இருக்கும். கடையைப் பூட்டிய பிறகும் அது திறந்தே இருக்கும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அது சில பெரிய நகரங்களில் மட்டும் கிடைத்தது. இப்போது களத்து மேட்டிலும் கிடைக்கிறது.

இந்த ஊரில் ஒரு டுவாக்ரா சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெண்கள். மாங்காய் ஊறுகாய் போடுகிறார்கள். மாம்பழச் சாற்றை வெயிலில் காயவைத்து மாமிடி தாண்ட்ரா செய்கிறார்கள். சென்னையிலிருந்தும் ஆர்டர் வர வேண்டும் என்று ஆசை. அதற்கு வெப்சைட் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். செய்து தருவதாக ஒருவர் வந்தார்.

"அம்மா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. பணத்தை மட்டும் கொடுங்க. எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்" என்றார்.

சங்கத் தலைவி கேட்டார்: "வெப்சைட் யார் பேர்ல இருக்கும் தம்பி?"

"என் கம்பெனி பேர்லதான். அதுதான் வழக்கம்."

"அப்போ நாளைக்கு நீங்க ஊரை விட்டுப் போயிட்டா?"

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

தலைவி கேட்டது சரியான கேள்வி. வெப்சைட்டில் மூன்று பங்கு உண்டு. முதலாவது பெயர். வாடிக்கையாளர் போனில் தட்டுவது அதைத்தான். ஆங்கிலத்தில் அதற்கு டொமைன் என்று பேர். இரண்டாவது, வெப்சைட்டை வைத்திருக்கும் இடம். எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். மூன்றாவது, போனில் தெரிகிற பக்கங்கள். படம், எழுத்து, விலைப்பட்டியல் எல்லாம் இதில் சேரும். பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். நிறம் நன்றாக இருக்கிறதா, படம் ஓடுகிறதா என்று கேட்கிறார்கள். அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெயர் கைவிட்டுப் போனால் மீட்பது கடினம்.

போர்வெல் ஒருவருடைய நிலத்தில் இருக்கிறது. கரண்டு சர்வீஸ் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. சர்வீஸ் வைத்திருப்பவர் நினைத்தால் மோட்டார் நின்றுவிடும். பயிர் யாருடையது என்று கரண்டு ஆபீசில் கேட்க மாட்டார்கள். வெப்சைட் பெயரும் அப்படித்தான். யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர் கையில்தான் அது.

"டாட் இன்" என்று முடியும் பெயர்கள் இந்தியாவுக்கு உரியவை. 2005 முதல் இவை எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. நிக்சி என்னும் அமைப்பு இவற்றைக் கவனிக்கிறது. தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்று முடியும் பெயரும் உண்டு. பெயரைச் சொந்தமாக விலைக்கு வாங்க முடியாது. குத்தகை போல வருடக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒரே தடவையில் பத்து வருடம் வரை கட்டலாம். முதல் வருடம் குறைந்த விலை சொல்வார்கள். இரண்டாம் வருடம் அது பல மடங்கு ஏறலாம். இரண்டாம் வருட விலையையும் முதலிலேயே கேட்க வேண்டும்.

பணம் கட்ட மறந்தால் என்ன ஆகும்? மைக்ரோசாப்ட் உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒன்று. 1999 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், அந்தக் கம்பெனி தன் பெயர்களில் ஒன்றுக்குப் பணம் கட்டத் தவறிவிட்டது. அதனால் ஹாட்மெயில் வைத்திருந்த பலரால் தங்கள் கடிதங்களைத் திறக்க முடியவில்லை. கடைசியில் அமெரிக்காவில் வேறொருவர் தன் கைப்பணம் 35 டாலரைக் கட்டினார். அதன் பிறகே சரியானது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே மறதி வந்தது. ஆகவே கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

பெயருக்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனவர்களும் உண்டு. சென்னையில் சத்யம் இன்போவே என்ற கம்பெனி இருந்தது. "சிஃபி" என்ற சொல்லை வைத்து அது வெப்சைட் பெயர்களைப் பதிவு செய்திருந்தது. பிறகு வேறொரு கம்பெனி அதே போல ஒலிக்கும் பெயர்களை எடுத்துக்கொண்டது. வழக்கு பெங்களூரில் தொடங்கியது. அங்கே கீழ்க்கோர்ட்டு ஒரு மாதிரி சொன்னது, ஹைகோர்ட்டு வேறு மாதிரி சொன்னது. 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. வெப்சைட் பெயரும் வியாபாரப் பெயர்தான், அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. சத்யம் இன்போவே வென்றது. ஆனால் ஊறுகாய்ச் சங்கத்தால் டில்லி வரை அலைய முடியுமா? முதலிலேயே தன் பெயரில் பதிவு செய்வதுதான் மலிவு.

பதிவு செய்யும்போது ஒரு ஈமெயிலும் போன் நம்பரும் கேட்பார்கள். அவை சங்கத்தினுடையதாக இருக்க வேண்டும். செய்து தருபவருடையதாக இருக்கக் கூடாது. பாஸ்வேர்டு என்பது சாவி. தலைவிக்கும் செயலாளருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை மாற்றிவிட வேண்டும். வீடு கட்டி முடித்த மேஸ்திரியிடம் சாவியை யாரும் விட்டுவைப்பதில்லை.

சங்கத்துப் பெண்கள் இரண்டாவதாக ஒருவரை வரவழைத்தார்கள். அவர் சொன்ன விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் அவர் முதலில் கேட்டது இதுதான்: "மாசம் எத்தனை கிலோ உங்களால அனுப்ப முடியும்கா?"

ஐம்பது கிலோ என்றார்கள்.

"அப்படின்னா இப்போதைக்கு நாலு பக்கம் போதும். மேப்பில உங்க இடத்தைப் பதிவு பண்ணிக்கோங்க. அதுக்குக் காசு கிடையாது. வாட்ஸ்அப்பில விலைப்பட்டியல் வைங்க. அதுக்கும் காசு இல்ல. ஆர்டர் பெருகினா வெப்சைட்டைப் பெருசாக்கலாம்."

தேவை இல்லாததைத் தேவை இல்லை என்று சொல்பவர் கிடைப்பது அரிது. ஆனாலும் அவரை அப்படியே நம்பிவிடவில்லை. இதற்கு முன் செய்த வேலையைக் காட்டச் சொன்னார்கள். அவர் மூன்று வெப்சைட்டுகளின் பெயர் கொடுத்தார். பெண்கள் தங்கள் போனிலேயே திறந்து பார்த்தார்கள். வாங்க வருகிறவரும் போனில்தான் பார்ப்பார். ஒன்று சீக்கிரம் திறந்தது. ஒன்று திறக்கவே இல்லை. அந்த மூன்று கடைக்காரர்களுக்கும் போன் போட்டு விசாரித்தார்கள். "விலையை மாத்தணும்னா அவர் எத்தனை நாள்ல செய்வார்?" என்று கேட்டார்கள். திறக்காத வெப்சைட்டின் சொந்தக்காரர் கடையையே மூடிவிட்டாராம். மற்ற இருவரும் நல்லபடியாகச் சொன்னார்கள்.

"கூகுளில் உங்கள் கடை முதலாவதாக வரும், உத்தரவாதம்" என்று சிலர் பணம் கேட்பார்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இதைக் கூகுள் கம்பெனியே சொல்கிறது. ஆர்டர் பணம் நேராகச் சங்கத்தின் பேங்க் கணக்குக்கு வர வேண்டும். நடுவில் யார் கணக்கும் கூடாது. ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்.

சங்கமும் அவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். எழுத்து எழுத்தாகப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார்கள். பாதியில் ஒருவர், "பராமரிப்புன்னா என்ன?" என்று கேட்டு நிறுத்தினார். அதற்கு விளக்கமும் தாளில் சேர்ந்தது. தாள் இதுதான்:

"வரதய்யபாளையம் மகளிர் சங்கத்துக்கு நான்கு பக்க வெப்சைட் செய்து தருகிறேன். தமிழிலும் தெலுங்கிலும் இருக்கும். வெப்சைட் பெயர் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் ஈமெயிலில் பதிவாகும். இடத்துக்கான வாடகைக் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்கும். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் சங்கத்திடம் கொடுப்பேன். படங்களும் எழுத்தும் சங்கத்துக்குச் சொந்தம். 45 நாளில் முடிப்பேன். பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்று. ஒரு பங்கு, பக்கங்களைப் போனில் காட்டும்போது. மீதி, சாவியை ஒப்படைக்கும்போது. ஒரு வருடம் பராமரிப்பு என் பொறுப்பு. பராமரிப்பு என்றால் விலை மாற்றுவது, படம் மாற்றுவது, பழுது பார்ப்பது. சங்கம் வேறு ஆளிடம் போக விரும்பினால் தடுக்க மாட்டேன். இதில் இரண்டு பிரதி. ஒன்று சங்கத்திடம், ஒன்று என்னிடம்."