ஆழ்கடலில் எண்ணெய் எரியுமா?

வினா: கடலின் ஆழத்தில் எண்ணெய் கசியும் இடத்தில் தீ எரியுமா? காரணம் தருக.

தகனத்துக்கு மூன்று காரணிகள் ஒருங்கே வேண்டும்:
1. எரிபொருள்
2. ஒட்சிசன்
3. எரிபற்று வெப்பநிலை

எமது கிழக்குக் கடலில் 2020 செப்டெம்பரில் ‘நியூ டயமண்ட்’ எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. கப்பலினுள் வளி இருந்தமையால் தீ எரிந்தது.

மெக்சிக்கோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துளையிடல் மேடை எரிந்து மூழ்கியது. ஏறத்தாழ 1500 மீற்றர் ஆழத்திலிருந்த கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் வெளியேறியும் கடலடியில் தீ எரியவில்லை. அங்கு எரிபொருள் மாத்திரமே இருந்தது. நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் மிகச் சொற்பம். குளிர்நீர் வெப்பத்தையும் உறிஞ்சிவிடும்.

விடை: எரியாது. ஒட்சிசன் போதாது, எரிபற்று வெப்பநிலையும் கிட்டாது.

தவறான விடை: “நீர் மூலக்கூற்றில் ஒட்சிசன் உள்ளது, ஆகவே எரியும்.” அவ்வொட்சிசன் ஏற்கனவே ஐதரசனுடன் பிணைந்துள்ளது, எண்ணெயின் தகனத்துக்கு உதவாது.

கவனிக்க: எண்ணெய் நீரிலும் அடர்த்தி குறைந்தது. மேலே மிதந்து வளியுடன் சேர்ந்தால் தீப்பற்றலாம். வீட்டில் தாச்சி எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்ற வேண்டாம். நீர் அடியிற் சென்று ஆவியாகி, எரியும் எண்ணெயைத் தெறிக்கச் செய்யும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுக. ஒட்சிசன் தடைப்படத் தீ அணையும்.