ஒற்றிக்கு விட்ட கரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலை கிடைத்த சேதியை உன் அப்பா போனில் சொன்னார். மணலியில் கன்டெய்னர் யார்டு, ஒன்றாம் தேதி சேர வேண்டும், ஷிப்டு வேலை. அண்ணி போனைப் பிடுங்கி, "வேளச்சேரியில ஹாஸ்டல் பார்த்துக்கட்டும், வேலைக்கு மட்டும் அந்தப் பக்கம் போயிட்டு வரட்டும்" என்றார்கள். அன்று ராத்திரியே உன் மெசேஜ்: "சித்தப்பா, அங்கே தங்கலாமா? பார்க்க ஏதாவது இருக்கா?" பதிலை மூன்று தடவை டைப் அடித்து மூன்று தடவையும் அழித்தேன். பேனாவை எடுத்தால்தான் எனக்கு ஓடுகிறது.

தங்கலாமா என்பதைக் கடைசியில் பேசுவோம். பார்க்க என்ன இருக்கிறது என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மெரினாவில் தொடங்கு. வடசென்னையைக் கேட்டால் மெரினாவைச் சொல்கிறாரே என்று சிரிக்காதே. காமராஜர் சாலையில் இறங்கி அலைவரை நடந்து போ. கால் புதையப் புதைய நடந்து தண்ணீரைத் தொட்டதும் திரும்பிப் பார். எவ்வளவு மணல்! நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இதில் பெரும்பகுதி கிடையாது. கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நம் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் அலை மணலை வடக்கே தள்ளும். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சத்தைத் திருப்பித் தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்தப் பாதையின் குறுக்கே கல் கொட்டிக் கட்டியதுதான் சென்னைத் துறைமுகம். தெற்கே மணல் தேங்கி மெரினா ஆனது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. வராததால் என்ன ஆனது என்பதை நீ அடுத்து பார்க்கப் போகிறாய். சிவில் படித்தவளுக்கு இதை நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் இது ஒரு படம். இங்கே அந்தப் படத்துக்குள் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகமே கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் படகில் ஆணி இருக்காது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு நம் அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். வெள்ளைக்காரத் துரையும் துரைசானியும் இந்தப் படகோட்டிகளின் கைத்திறமையை நம்பித்தான் கோட்டைக்குள் காலெடுத்து வைத்தார்கள். 1861-இல் ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. 1875-இல் துறைமுகத்துக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் வந்து சுவரைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். வாசல் கிழக்கே இருந்ததால் உள்ளே மணல் தூர்ந்துகொண்டே போனது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலை வடகிழக்குக்கு மாற்றினார். துறைமுகம் பிழைத்தது. படகோட்டிகளின் பிழைப்பு போனது.

அந்தப் படகோட்டிகள் குடியிருந்த ஊர்தான் ராயபுரம். ராயப்பர் என்றால் பீட்டர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்கள் சொந்தக் காசில் அவருக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள், இன்றும் நிற்கிறது. உள்ளே போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வா. மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். வேற்றாரை உள்ளே விடமாட்டார்கள், வாசலோடு சரி. அப்புறம் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் ஹௌராவிலும் அதற்கு முன்னால் கட்டிய நிலையங்கள் இப்போது இல்லை. இந்தத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. நான் போகும்போதெல்லாம் பிளாட்பாரத்தில் ஆளைவிட நாய் அதிகமாக இருக்கும். சென்ட்ரலில் கூட்டத்தில் நசுங்குகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ வாங்கித் தருகிறேன். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. வாழைத்தண்டு சூப்பை முதலில் குடி. முட்டையைப் பிளந்து வெங்காயம் வைத்துத் தருவார்கள், அதை விட்டுவிடாதே. உன் அப்பாவை நீங்கள் "எம்டன்" என்பீர்களே, அந்த வார்த்தையும் இந்தக் கரையில் பிறந்ததுதான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, பிடிபடாமல் மறைந்தது. உன் அப்பா அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேடு. இதற்குத்தான் உன்னைப் பழைய செருப்பு கொண்டுவரச் சொல்வேன். மூன்றரை மணிக்கெல்லாம் லாஞ்சுகள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஐஸும் மீன்தண்ணீரும் கணுக்கால்வரை ஓடும். ஏலம் எடுப்பவர் விலையைக் கத்தும் வேகத்தில் உனக்கு முதல் பத்து நிமிஷம் ஒன்றும் புரியாது. அவர் வாயைப் பார்க்காதே, எதிரே நிற்கும் பெண்களின் முகத்தைப் பார். வட்டிக்கு வாங்கிய பணத்தை இடுப்பில் முடிந்து வந்தவர்கள் அவர்கள். கூடைக்கு அம்பது ரூபாய் கூடினாலும் அன்றைய லாபம் போய்விடும் என்ற கணக்கு அந்த முகத்தில் ஓடும். ஏலம் படிந்ததும் அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். போன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குறுக்கே நிற்காதே. ஞாயிறானால் படம் எடுக்கவென்றே ஒரு கூட்டம் வருகிறது. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். படம் வேண்டுமானால் முதலில் மீன் வாங்கு. செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் வேண்டாம். எல்லாரும் வஞ்சிரம் வஞ்சிரம் என்று பறப்பார்கள். நீ சங்கராவோ காரப்பொடியோ வாங்கு, உன் சித்தி குழம்பு வைப்பாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது லாஞ்சுகள் கட்டிக் கிடக்கும், சின்ன ஃபைபர் படகுகள்தான் போகும். அந்த மாதங்களில் யாராவது மீன் விலை அதிகம் என்று சலித்துக்கொண்டால் சண்டைக்குப் போகாதே, சிரித்துவிட்டு வா.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் வலது கைப்பக்கம் கடல். கடற்கரை இல்லை, கடல் மட்டும். கருங்கல்லை மலை மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள். ஆங்காங்கே கடலுக்குள் நீளும் கல் சுவர்களுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். ஓடுகிற மணலைத் தூண்டில் போட்டுப் பிடிக்கப் பார்க்கிறார்கள். சில இடத்தில் கொஞ்சம் மணல் சிக்கியிருக்கிறது. ஒரு வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு ஏறும், அவர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்பார்கள். நான் கிட்டிப்புள் ஆடிய மணல் இப்போது அந்தக் கல்லுக்கு அப்பால் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஒருமுறை அங்கே நின்று என் பழைய சிநேகிதன் கடலைக் கைகாட்டி, "அதோ எங்க வீட்டு அடுப்படி" என்றான். சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தான்.

இனி நம் ஊர், திருவொற்றியூர். பிரளய வெள்ளத்தை இறைவன் ஒற்றி, அதாவது விலகிப்போகச் செய்ததால் ஒற்றியூர் என்று தலபுராணம் சொல்கிறது. ஒற்றி என்றால் அடமானம் என்றும் அர்த்தம் உண்டு. நம் பக்கம் இன்றும் வீட்டை ஒத்திக்கு விடுகிறோம். புராணம் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டது. கல் சுவரைப் பார்த்துவிட்டு வரும் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படும். ஊர் முழுக்க ஒத்திக்குப் போயிருக்கிறது. கடன் வாங்கியவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள், வட்டி மட்டும் இங்கே வசூலாகிறது.

கோயிலுக்குச் சாவகாசமாகப் போ. ஆதிபுரீசுவரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் திறப்பார்கள். மூலவர் விமானம் யானையின் பின்பக்கம் மாதிரி வளைந்திருக்கும், ராஜேந்திர சோழன் காலத்துக் கல். பிரகாரத்து மகிழமரத்தடியில் நில். உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்த இடம் அது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் போயிற்று. நான் இந்த ஊரைவிட்டு நகராததற்குக் காரணம் அந்தப் பயம்தான் என்று உன் சித்தி கேலி செய்வாள். பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம் இருக்கிறது; ஐந்து நிமிஷ நடை. நாங்கள் இருக்கும் காலடிப்பேட்டைக்கும் எந்தச் சாமியின் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் மூன்று வருஷம் சென்னையில் கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. காலெட்பேட்டை ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. துரையைவிட இது நன்றாகவே இருக்கிறது.

தொழிற்சாலைகளை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், அதனால் சுருக்கிச் சொல்கிறேன். 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார். கிரிக்கெட் மட்டைகளில் நீ பார்க்கும் எம்.ஆர்.எஃப். அதுதான். ஊர் ஊராகப் படபடக்கும் புல்லட்டும் நம் ஊரில் வளர்ந்தவன்தான். லேலண்ட் லாரி எண்ணூர்ப் பிள்ளை. விம்கோ நகர் என்று மெட்ரோவில் அறிவிப்பு வருமே, அந்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்க டிபன் பாக்ஸோடு சைக்கிள் போன காலம் என் கண்ணில் நிற்கிறது. இப்போது ஷிப்டு பஸ்களில் காண்ட்ராக்ட் ஆட்கள் போகிறார்கள், ஒடிசாவும் பீகாரும். அவர்களிடமும் பேசு.

கடைசியாக எண்ணூர் முகத்துவாரம். இங்கே அவசரப்படாதே. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். சற்றுத் தள்ளி அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி. தண்ணீர் இடுப்பளவுகூட இல்லாத இடங்களில் சாம்பல் படிந்து கிடக்கும், காலை வைத்தால் மாவு மாதிரி வழுக்கும். பெண்கள் அதில் உட்கார்ந்தபடி நகர்ந்து, வெறுங்கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பல்லில் கடித்த பையில் போடுவார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது, தாராகக் கிடந்ததை வாளியால் மொண்டு எடுத்தவர்களில் நானும் ஒருவன். நிலாவுக்கு ராக்கெட் விடும் நாட்டில் பிளாஸ்டிக் வாளி! 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. படகுகளின் வயிற்றில் கறுப்புக் கோடு இருந்தால் அது அந்த வெள்ளத்தின் அடையாளம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரித்தூள் ராயபுரம் வீடுகளில் படிகிறதென்று வழக்கு நடந்தது. உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011-இல் கரியும் இரும்புத்தாதுவும் அங்கே நின்றன. ராயபுரத்துக்காரர்கள் துணியை மொட்டைமாடியில் காயப்போட ஆரம்பித்தார்கள். நல்ல தீர்ப்புதான். கரி எங்கே போனது? 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்கு. மணலும் அப்படித்தான், சாம்பலும் அப்படித்தான்: இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று கேள். உன் யார்டில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதைக் கேட்பதுதான் உன் வேலையே. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 34 வருஷம் பில் ஆஃப் என்ட்ரி தூக்கிக்கொண்டு அலைந்த எனக்கு, ரிட்டயர் ஆன பிறகுதான் அந்தக் கேள்வியை ஊரைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது.

இப்போது உன் முதல் கேள்வி. பூசி மெழுகமாட்டேன். மணலியில் சில ராத்திரி காற்று நெஞ்சை அடைக்கும். அந்த 2023 டிசம்பர் கடைசியில் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டிரெய்லர் ஓடும் சாலையில் ஸ்கூட்டி ஓட்ட உன்னை விடவே மாட்டேன். டிரைவர்கள் மணிக்கணக்காக வரிசையில் தூங்காமல் கிடப்பவர்கள், அவர்களைத் திட்டியும் பயனில்லை. இதெல்லாம் உண்மை. சினிமாவில் காட்டும் கத்தியும் ரத்தமும்தான் ஊர் என்பது பொய். வேளச்சேரியில் தங்கினால் தினம் நான்கு மணி நேரம் பயணத்தில் போகும், நைட் ஷிப்டு முடிந்தால் இன்னும் சிரமம். 2021-இலிருந்து மெட்ரோ விம்கோ நகர்வரை வருகிறது. காலடிப்பேட்டையில் நம் தெருவிலேயே வேலைக்குப் போகும் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள், நாலாவது ஆள் தேடுகிறார்கள். நான் சொல்வது தங்கலாம் என்றுதான். அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிடு. ஞாயிறு மூன்று மணிக்கு எழுப்புவேன். பழைய செருப்பை மறந்துவிடாதே.

அன்புடன்,
சித்தப்பா
காலடிப்பேட்டை